பெரிய வியாழனும் என் இடது காலும்

முதல் ஆள் உபதேசியார் மரியதாசு. அவர் கண் காட்டாமல் எங்கள் கோயிலில் மெழுகுவத்தி எரியாது.

இரண்டாவது ரயில்வே கேட் ஆரோக்கியம். கேட்டை இன்னொருத்தரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். எந்த ரயில் சத்தம் கேட்டாலும் பாதி எழுந்து உட்கார்ந்தார்.

மூன்றும் நான்கும் சவரியும் அவன் தம்பி சின்ன சவரியும். ஒரே சோப்புக் கட்டியில் கால் தேய்த்து வந்தவர்கள்.

ஐந்தாவது ஆவடி தோமாஸ். பட்டாளத்தில் இருந்தவர். கழற்றத்தான் போகிறோம் என்று தெரிந்தும் பூட்சுக்குப் பாலிஷ் போட்டிருந்தார்.

ஆறாவது பால்காரர் சந்தியாகு.

ஏழாவது சைக்கிள் கடை அந்தோணி.

எட்டாவது தையல்கார ராயப்பன். அப்போஸ்தலர் தலைவர் இராயப்பரின் பெயர் தனக்கு இருப்பதால் முதல் இடம் தனக்குத்தான் என்று உபதேசியாரோடு சண்டை போட்டுத் தோற்றவர்.

ஒன்பதாவது வாட்ச்மேன் பாக்கியம்.

பத்தாவது மரக்கடை முருகேசன். இந்து. ஆள் போதவில்லை என்று சவரி பிடித்து வந்தது. "கால் கழுவுறதுக்கு எந்தச் சாமியா இருந்தா இன்னா?" என்றான். சாமியாருக்கு இது பாஸ்கா என்கிற ஈஸ்டர் முடிந்துதான் தெரியும். சிரித்தார்.

பதினொன்றாவது என் கூட்டாளி இன்னாசி. லேத்துப் பட்டறைக்காரன்.

பன்னிரண்டாவது நான்.

இத்தனை பேரையும் வாசிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம். இன்னாசியையும் என்னையும் வைத்துக்கொண்டால் போதும்.

அம்பத்தூரில் எங்கள் கோயில் அப்போது தகரக் கொட்டகை. பீடத்துக்கு முன்னால் இரண்டு பெஞ்சு போட்டு எங்களை உட்கார வைத்திருந்தார்கள். பெரிய வியாழன் சாயந்திரம். சேசுநாதர் பாடுபடுவதற்கு முந்தின நாள் தம் சீடர் பன்னிரண்டு பேருக்கும் குனிந்து கால் கழுவினார். அந்த நினைவுக்காகச் சாமியார் பன்னிரண்டு ஆம்பிளைகளுக்குக் கால் கழுவித் துடைத்து முத்தமிடுவார். வருஷத்தில் ஒரு நாள்.

எந்த வருஷம் என்று சரியாகச் சொல்ல வரவில்லை. பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்த புதிது. என் மகள் சுவரைப் பிடித்து நடக்கப் பழகியிருந்தாள்.

என் வலது கால் வெறுங்காலாக இருந்தது. இடது கால் சாக்சோடும் ஷூவோடும் பெஞ்சுக்கு அடியில் இருந்தது.

கழுவுவதற்கு முன்னால் கழுவுவது

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சாமியார் கால் கழுவப் போகிறார் என்றால் ஒரு வாரம் முன்பே காலைக் கழுவ ஆரம்பித்துவிடுவார்கள்.

அழுக்குக் காலைச் சாமியாரிடம் நீட்டலாமா? கூடாது. அதனால் செங்கல் துண்டு, தேங்காய் நார், சீயக்காய், எல்லாம் போட்டுத் தேய்ப்பார்கள். பித்தவெடிப்புக்கு மெழுகு உருக்கி விடுவார்கள். சந்தியாகு பால்காரர். பாலேட்டைக் காலில் தடவிக்கொண்டு வந்தார் என்று பேச்சு. அவர் மறுக்கவில்லை.

அதிலும் ஒரு விசேஷம். சாமியார் கழுவுவது வலது காலை மட்டும். அதனால் தேய்ப்பதும் வலது காலைத்தான். பெரிய வியாழன் அன்று பெஞ்சில் பார்த்தால் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கால் மாப்பிள்ளை வீட்டுக் கால். இன்னொரு கால் பட்டறைக் கால்.

இதில் தப்பு இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

இன்னாசி ஒரு தப்பு செய்தான். அது வேறு தப்பு. உபதேசியார் முந்தின ஞாயிறே மற்றவர்களை உட்கார வைத்து ஒத்திகை காட்டினார். அவர்களுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து தன் வலது காலை நீட்டினார். இன்னாசி அதைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டான். அவன் பக்கம் அது இடது. வீட்டுக்குப் போய் இடது காலைத் தேய்த்தான். மூன்று நாள் தேய்த்தானாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

என் காலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

அம்பத்தூர் தொழில் எஸ்டேட்டில் ஒரு பவுண்டரியில் வேலை. இரும்பை உருக்கி மணல் அச்சில் ஊற்றுவது. உருகின இரும்பைத் தூக்கிப் போகிற வாளியை லேடில் என்போம். இரண்டு பேர் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து நடப்போம். அடி தவறக் கூடாது.

தவறியது. யாருடைய அடி என்பதை இப்போது பேசிப் பயனில்லை. கொஞ்சம் சிந்தியது. இடது ஷூவுக்குள் போனது.

ஷூவைக் கழற்ற முடியவில்லை. அறுத்து எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தேன். வெளியே வந்தபோது சில விரல்கள் இல்லை. மிச்சக் கால் உருகின மெழுகு மாதிரி இருந்தது.

வலி பெரிதில்லை. வலி போய்விடும். நடந்த கிழமைதான் பெரிது.

அது ஞாயிற்றுக்கிழமை. அன்று நான் பூசைக்குப் போகவில்லை. ஞாயிறு வேலைக்கு இரட்டைக் கூலி என்றார்கள். போனேன். கோயில் மணி பவுண்டரி வரைக்கும் கேட்டது. மணி அடித்து அரை மணிக்குள் இரும்பு சிந்தியது.

நான் நாலாவது வரைதான் படித்தவன். கணக்கு போட அதுவே போதுமாக இருந்தது. கடவுள் கூப்பிட்டார். நான் வரவில்லை. அடையாளம் வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிறு தவறியதில்லை. பெஞ்சு தூக்குவேன். சுண்ணாம்பு அடிப்பேன். தேர் இழுப்பேன். பரங்கிமலைப் படியில் முழங்காலில் ஏறினேன். கோயிலில் என்னைப் பக்திமான் என்றார்கள். பக்தி இல்லை. பயம். கடவுள் மறுபடி என்னைப் பார்த்துவிடக் கூடாது என்ற பயம்.

காலை யாருக்கும் காட்டவில்லை. சாக்சின் நுனியில் கம்பெனியில் கை துடைக்கிற பஞ்சை அடைத்து ஷூவைப் போட்டுக்கொள்வேன். வெளியே பார்த்தால் முழுக் கால். வீட்டிலும் சாக்ஸ். தூங்கும்போதும் சாக்ஸ். சித்திரை வெயிலிலும் சாக்ஸ்.

கல்யாணம் விபத்துக்கு முன்பே பேசி வைத்தது. மூன்று மாதம் தள்ளிப் போனது. நிற்கவில்லை. பெண் வீட்டில் காலில் சின்னக் காயம் என்று சொல்லியிருந்தார்கள். லூர்து அதற்கு மேல் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவள் சூடானவள், சிரிப்புக்காரி. வில்லிவாக்கத்துப் பெண். குழாயடியில் அவளிடம் வாய் கொடுத்தவர்கள் குடத்தை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்படிப்பட்டவள் மூன்று வருஷம் ஒரு சாக்சைப் பற்றிக் கேட்கவில்லை. நான் அதை யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

லூர்து சொன்னது

முதலில் நான் அந்தப் பன்னிரண்டு பேரில் இல்லை. பன்னிரண்டாவது ஆள் ஒரு பஸ் கண்டக்டர். அவருக்குக் கடைசி நேரத்தில் டூட்டி போட்டுவிட்டார்கள். புதன்கிழமை சாயந்திரம் உபதேசியார் குடையோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

முடியாது என்றேன். கால் சரியில்லை என்றேன்.

எந்தக் கால் என்று கேட்டார். இடது என்றேன். அப்புறம் என்ன, வலதுதானே கணக்கு, இடது காலை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாலும் சாமிக்கு ஆட்சேபம் இல்லை என்றார். அவர் தமாஷ் பேசினால் அதோடு பேச்சு முடிந்தது என்று பொருள். சரி என்றேன்.

அவர் போன பிறகு வலது காலைக் கொல்லையில் கல்லில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். லூர்து பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கையில் என் சாக்ஸ்.

"இன்னாய்யா, அந்தக் காலையா நீட்டப் போறே?"

"இதுதான் முறை."

"அது நல்லா கீற காலாச்சே."

அவள் சாக்சைப் பிழிந்தாள்.

"நல்லா கீற காலைக் கழுவுறதுக்கு எதுக்குய்யா சேசுநாதரு? தெருக் கொழா போதாதா?"

இடது கால் வேறு விஷயம் என்றேன். என்ன விஷயம் என்றாள். அப்போதும் நான் சொல்லியிருக்க மாட்டேன். அவள் சாக்சை உதறி, நுனியில் விரலை விட்டு எனக்குக் காட்டினாள்.

"மூணு வருசமா இதைத் தொவைக்கிறேன். நுனியில பஞ்சு அடைச்சிகினு போறியே, எனுக்குத் தெரியாதா? தெரிஞ்சிகினுதான் கீறேன். நீயே சொல்லுவேன்னு பார்த்தேன். நீ சொல்ற ஆளா? கல்லுக்கு வாய் இருந்தா அதுகூட எதுனா சொல்லும்."

சொன்னேன். அதிகம் இல்லை. ஞாயிறு, மணி, இரும்பு. அடையாளம் வைத்துவிட்டார் என்றேன்.

அவள் துவைப்பதை நிறுத்தினாள்.

"அன்னிக்கி எதுக்கு வேலைக்குப் போனே?"

இதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணப் புடவை. அவளுக்கு எடுத்து வைத்தது நூல் புடவை. பட்டு எடுக்கலாம் என்று நினைத்தேன். இரட்டைக் கூலி அதற்குத்தான்.

லூர்து சோப்பைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகத்தான் பேசினாள். அவள் மெதுவாகப் பேசினால் நான் பயப்படுவேன்.

"எங்க நைனா குடிகாரன். ஊருக்கே தெரியும். ஊட்டுல கீற சாமானையெல்லாம் ஒடைப்பான். அவனே எம் மேல சுடுதண்ணி ஊத்துனதில்ல. பொண்டாட்டிக்குப் பொடவை எடுக்கப் போனவன் காலுல இரும்பைக் காய்ச்சி ஊத்துறவரா உன் சாமி? அப்பிடிப்பட்ட ஆளுகிட்டயா நம்ம புள்ளைய ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை இட்டுகினு போறே?"

நான் மறுபடி வலது காலைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

"உன் காலு மேல உனக்கே பிரியம் இல்ல. அதைப் போயி சாமி தலையில கட்டுறே" என்று சொல்லிவிட்டுச் சாக்சைக் கொடியில் போட்டாள்.

பிறகு சோறு போட்டாள். கத்திரிக்காய்க் குழம்பு. வழக்கத்தை விட ஒரு கரண்டி அதிகம் போட்டாள்.

அடுத்த நாள் ஷூவைப் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்குப் போனேன். பஞ்சோடுதான். ஒரு பேச்சில் திருந்துகிற ஆள் நான் இல்லை.

புதுச் சாமியார்

அந்த வருஷம் வந்திருந்த சாமியார் என்னை விட நாலைந்து வயது சின்னவர். தெற்கத்திக்காரர். திக்குவாய்.

பாடும்போது திக்காது. அதனால் பூசையில் பாதியைப் பாடிவிடுவார். பிரசங்கத்தைப் பாட முடியாதே. அங்கே மாட்டிக்கொள்வார். ஒரு சொல் வரவில்லை என்றால் நின்று, அது வரும் வரைக்கும் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் சிரித்தார்கள். மூன்றாவது வாரம் அவருக்கு முன்பாக அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்கப் போட்டி போட்டார்கள். "மோட்சம் சாமி", "இல்ல சாமி, மோயீசன்" என்று பெஞ்சிலிருந்து குரல் வரும். "மோ... மோ... மோயீசன்தான்" என்பார். பிரசங்கத்தை அவ்வளவு உன்னிப்பாக அதற்கு முன்பும் பின்பும் எங்கள் கோயிலில் யாரும் கேட்டதில்லை.

அன்று கால் கழுவும் சுவிசேஷத்தை வாசித்தார். இராயப்பர் தன் காலைக் கழுவ விடமாட்டேன் என்று சொல்கிற இடம் வந்தது. அந்த இடத்தில் திக்கிக்கொண்டது. தையல்கார ராயப்பன் தன் பெயர் வந்துவிட்ட பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோயில் முழுக்கப் பொறுமையாக இருந்தது. சொல் வந்தது. வாசித்து முடித்தார்.

பிறகு மேலங்கியைக் கழற்றினார். இடுப்பில் துண்டைக் கட்டினார். பித்தளைத் தாம்பாளம், செம்பு, வெந்நீர்.

கறுத்த தண்ணீர்

உபதேசியாரில் ஆரம்பித்தார். கழுவ அங்கே ஒன்றும் இல்லை. கால் பளபளத்தது. தண்ணீர் ஊற்றினார், துடைத்தார், முத்தமிட்டார். ஆரோக்கியம், அப்படியே. சவரி, சின்ன சவரி, அப்படியே. தாம்பாளத்தில் விழுந்த தண்ணீரைக் குடிக்கலாம். அவ்வளவு சுத்தம்.

சைக்கிள் கடை அந்தோணிக்குக் கழுவும்போது இன்னாசி என்னை இடித்தான்.

"மச்சான், எல்லாரும் வலது காலை நீட்டுறாங்களே."

"வலதுதான்."

"வலதா?"

"வலது."

"போச்சு" என்றான்.

நான் குனிந்து பார்த்தேன். அவனுடைய இடது கால் சந்தனக் கட்டை மாதிரி இருந்தது. வலது காலைப் பற்றிச் சொல்ல வேண்டாம். லேத்து மிஷின் எண்ணெயும் இரும்புத் தூளும் பல வருஷமாக ஊறின கால். இடதையே நீட்டிவிடட்டுமா என்று கேட்டான். உபதேசியார் முதல் இடத்திலிருந்து எங்களையே முறைத்துக்கொண்டிருந்தார். முடியாது என்று அவனுக்கே தெரிந்தது.

முருகேசன் கால் முடிந்தது. சாமியார் முழங்காலிலேயே நகர்ந்து இன்னாசிக்கு முன்னால் வந்தார். இன்னாசி கண்ணை மூடிக்கொண்டு வலது காலை நீட்டினான்.

தண்ணீர் ஊற்றினார். தாம்பாளம் கறுத்தது. இன்னும் ஊற்றினார். இன்னும் கறுத்தது. பெண்கள் பக்கத்தில் சிரிப்பு கிளம்பியது.

"மன்னிச்சிக்க சாமி. தப்பான காலைத் தேச்சிகினு வந்துட்டேன்."

சாமியார் தலையைத் தூக்கினார். நெற்றியில் வேர்வை. ஏதோ சொல்ல வந்தார், நின்றது. பிள்ளைகள் கூட உதவி செய்யவில்லை.

"ந... ந... நல்லதாப் போச்சு இன்னாசி. பத்துப் பேருக்கு அப்புறம் இப்பதான் எனக்கு ஒரு வே... வேலை கெடச்சிருக்கு."

கோயில் சிரித்தது. உபதேசியாரும் சிரித்தார் என்று பிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. சாமியாரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் இடுக்கு ஒவ்வொன்றாகத் தேய்த்தார். அவசரமே இல்லை. முன் பத்துப் பேரிடம் அவர் சடங்கு செய்தார். இங்கே கால் கழுவினார். வித்தியாசம் தெரிந்தது. அவர் முகத்திலேயே தெரிந்தது. மனுஷனுக்குச் சந்தோஷம்.

இன்னாசி காலைத் துண்டால் துடைத்து முத்தமிட்டார். துண்டு பாழ்.

என் பக்கம் திரும்பினார். என் வலது கால் தயாராக நீட்டியிருந்தது. தேய்த்த கால்.

அதை இழுத்துக்கொண்டேன்.

குனிந்து இடது ஷூவின் கயிற்றை அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது. நேரம் ஆனது. உபதேசியார் "வலது, வலது" என்று பல்லைக் கடித்துச் சொன்னது கேட்டது. பாடல்காரர்கள் பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். ஷூ வந்தது. சாக்சை இழுத்தபோது அடைத்திருந்த பஞ்சு தாம்பாளத்தில் விழுந்து மிதந்தது.

சாமியார் பஞ்சை எடுத்து ஓரமாக வைத்தார். காலை இரண்டு கையிலும் வாங்கினார். தண்ணீர் ஊற்றினார். விரல் இருந்த இடத்திலும் தேய்த்தார். இல்லாத இடத்திலும் தேய்த்தார். வலிக்கிறதா என்று கண்ணால் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். துடைத்தார். இன்னாசியின் கறுப்பு கொஞ்சம் என் காலில் ஒட்டியது.

முத்தமிட்டார்.

நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தகரத்தில் ஆணி போன ஓட்டை ஒன்று இருந்தது. அதன் வழியாகக் கொஞ்சம் வானம் தெரிந்தது. அன்று வரைக்கும் கடவுள் அங்கிருந்து என்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் அங்கே இல்லை. கீழே, துண்டு கட்டிக்கொண்டு, என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. வேதம் படித்தவர்கள் சொல்வார்கள்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் இன்னாசி என் காலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "இன்னா மாமே, வெளிச்சமே படாம வச்சிகினு, வெள்ளக்காரன் காலு மாதிரி கீது" என்றான். சவரி இன்னும் கிட்ட வந்து பார்த்தான். முருகேசன் எப்படி ஆனது என்று கேட்டான். சொன்னேன். மூன்று வருஷம் மறைத்ததைச் சொல்லி முடிக்க ஒரு பீடி நேரம் கூட ஆகவில்லை. பிறகு பேச்சு சந்தியாகின் பாலேட்டுக்குப் போய்விட்டது.

லூர்து குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். என் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டாள். வீடு வரைக்கும் வெறுங்காலோடு நடந்தேன். தெரு மண் இதமான சூடு. அந்தக் காலுக்கு அது புதிது.

பூந்தமல்லியில்

பாஸ்கா முடிந்த அடுத்த விடுமுறை நாளில் லூர்து என்னைப் பூந்தமல்லிக்குக் கிளப்பினாள். அங்கே அளவெடுத்துச் செருப்பு தைக்கிற பாய் ஒருவர் இருந்தார். பஸ்ஸில் அயனம்பாக்கம் ஏரிக் காற்று வந்தது. மகள் ஜன்னல் கம்பியைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

பாய் பழுப்புக் காகிதத்தைத் தரையில் விரித்தார். காலை வைக்கச் சொன்னார். வலது காலை வைத்தேன். பென்சிலால் சுற்றி வரைந்தார். இடது காலை வைத்தேன். அதையும் சுற்றி வரைந்தார். அவர் முகம் மாறவில்லை. எத்தனையோ கால் பார்த்தவர்.

மூடின மாதிரி வேண்டுமா, திறந்த மாதிரியா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் லூர்து, திறந்த மாதிரி, நல்ல பழுப்புத் தோலில், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்றாள். பாய் என்னைப் பார்த்தார். ஆமாம் என்றேன்.

பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"ரெண்டு காலும் சேர்த்து எத்தினி வெரலுண்ணே? சொல்லுங்க, எழுதிக்கிறேன். வார் வைக்கணும்."

கம்பெனி ஃபாரத்தில் போனது எத்தனை என்று கேட்டு எழுதியிருந்தார்கள். அது எனக்கு மனப்பாடம். இருப்பது எத்தனை என்று தெரியவில்லை. குனிந்து எண்ணினேன். லூர்தும் குனிந்து எண்ணினாள்.

ஏழு.